படகு சீட் கம்பம் அடித்தட்டில் இறுகிப் போச்சு: இழுக்கிறதா, திருப்புறதா?

குழிக்குள் கம்பம் | ஏப்ரல் 19, மாலை

16 அடி அலுமினிய மீன்பிடிப் படகு. முன்தளத்தில ஒண்டு, நடுவில ஒண்டு, ரெண்டு கழற்றுற சீட் கம்பம். குளிர் முழுக்க, தளத்தில பூட்டின அடித்தட்டின்ர குழியில சொருகினபடி தார்ப்பாய்க்குள்ள கிடந்தது. இப்ப ரெண்டும் அசையேல்லை. டபிள்யூடி-40 அடிச்சாச்சு, ரப்பர் சுத்தியலால தட்டியாச்சு. கராஜ் கூரை மரத்தில ராட்செட் பெல்ட் கட்டி மேல இழுக்கலாம் எண்டு யோசிக்கிறன். ஆரும் செய்தனீங்களோ? நான் கனடாவில பீற்றர்பரோ பக்கம்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 19, இரவு

கூரையில் கட்டாதீங்க. பெல்ட் இழுக்கிற விசை கம்பத்திலிருந்து அடித்தட்டுக்குப் போகும், அங்கிருந்து தட்டைத் தளத்தோடு பிடித்திருக்கும் திருகுகளுக்குப் போகும். அந்தத் திருகுகள் பிளைவுட்டில் இறங்கியிருக்கும், இல்லையென்றால் மெல்லிய அலுமினியத் தகட்டில் ரிவெட்-நட்டில் (தகட்டில் பதித்த நட்) இறங்கியிருக்கும். கம்பம் வருவதற்கு முன்னால் திருகுகள் மரத்தைப் பிய்த்துக்கொண்டு வரும். கம்பம் புதிதாக வாங்கலாம், முன்தளம் கிழிந்தால் கார்ப்பெட்டிலிருந்து எல்லாம் பிரிக்கணும். கூரைச் சட்டத்தின் கீழ்க்கட்டையும் ஒரே புள்ளியில் அப்படி இழுபடுவதற்குச் செய்ததில்லை.

முதலில் இரண்டு விவரம் வேணும். கம்பம் குழிக்குள் இறங்கும் இடத்தில் வெளிவிட்டம் என்ன? காலிப்பர் இல்லையென்றால் நூல் சுற்றி அளந்து 3.14-ஆல் வகுங்க. கம்பத்துக்கும் குழிக்கும் நடுவில் பிளாஸ்டிக் வளையம் தெரியுதா, இல்லை உலோகத்தோடு உலோகமா?

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 19, இரவு, சேர்ப்பு

ஏன் கேட்கிறேன் என்றால், இவை ஒரே இனம் இல்லை. 2 7/8 அங்குலத்தில் (73 மி.மீ.) கூம்பாக ஒடுங்கி இறங்குவது ஒன்று. 2 3/8 அங்குலத்தில் (60 மி.மீ.) பிளாஸ்டிக் புஷ் (குழிக்குள் இருக்கும் வளையம்) வைத்தது இன்னொன்று. அடியில் மரை போட்டுத் திருகி இறக்குவதும் உண்டு. இது தவிர சீட்டுக்கும் கம்பத்தின் தலைக்கும் நடுவில் முக்கால் அங்குல ஊசி, அது தனிக் கதை. சிலவற்றில் திரும்பாமல் இருக்க அடியில் பல்லோ சாவியோ இருக்கும், அடித்தட்டின் ஓரத்தில் ஒரு சின்னத் தாழ்ப்பாளும் இருக்கலாம். கார்ப்பெட் நார் மூடிய தாழ்ப்பாளைப் பார்க்காமல் ஒரு வாரம் சுத்தியலோடு மல்லுக்கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். டார்ச் அடித்து ஒரு சுற்றுப் பாருங்க.

குழிக்குள் கம்பம் | ஏப்ரல் 20

முன்னது 2 7/8, உலோகத்தோட உலோகம். நடுவில இருக்கிறது 2 3/8, வெள்ளைப் பிளாஸ்டிக் வளையம் தெரியுது. ரெண்டும் ரெண்டு கொம்பனி போல. தாழ்ப்பாள் ஒண்டும் இல்லை. நடுக் கம்பம் காஸ் லிப்ட், லீவரைப் பிடிச்சா ஏறி இறங்கும்.

ரைஸ் லேக் | ஏப்ரல் 20

அண்ணை, இரவில இன்னும் உறையுது. குழிக்குள்ள தண்ணி நிண்டு ஐஸ் ஆகியிருந்தா என்ன எண்ணெய் விட்டும் வராது. ரெண்டு வெயில் நாள் தார்ப்பாயைத் திறந்து விடுங்கோ. சும்மா கிடந்து தானாக வந்தா மிச்சம்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 20

ரைஸ் லேக் சொன்னதை முதல் வேலையாக வைங்க, செலவில்லாதது.

காஸ் லிப்ட் என்றதும் ஒரு தடை: அந்தக் கம்பத்தில் தீ, ட்ரில், ரம்பம் எதுவும் கூடாது. உள்ளே அழுத்தம் ஏற்றிய வாயு சிலிண்டர் இருக்கு. கீழே கம்பத்தை அறுப்பது பற்றி யாராவது எழுதினால் அது நடுக் கம்பத்துக்குப் பொருந்தாது.

இப்போது முன்கம்பம். கூம்புப் பிடிப்பு, லேத்தில் கருவியைச் சொருகிப் பிடிக்கிற மோர்ஸ் டேப்பர் கூம்பு வேலை செய்கிற அதே தத்துவம். மேலே உட்கார்ந்த எடையே அதை இன்னும் இறுக்கும். நேராக மேலே இழுத்தால் முழுப் பரப்பின் உராய்வையும் ஒரே நேரத்தில் எதிர்க்கிறீர்கள். திருப்பினால் நெம்புகோல் உங்கள் பக்கம். ஒரு பாகை அசைந்துவிட்டால் பிடி விட்டுப் போகும், பிறகு கையாலேயே தூக்கலாம்.

சீட்டைக் கழற்றிவிட்டு, ஸ்ட்ராப் ரெஞ்ச் (பட்டை சுற்றிப் பிடிப்பது) இரண்டு எடுங்க. தளத்திலிருந்து இரண்டு மூன்று அங்குலத்துக்குள், எதிரெதிர்ப் பக்கமாகக் கைப்பிடி வரும்படி மாட்டி, இரண்டு பேர் சேர்ந்து ஒரே சுழற்சித் திசையில் தள்ளணும். ஒரே ரெஞ்ச் போட்டால் கம்பத்தைத் திருப்புவதோடு சாய்க்கவும் செய்கிறீர்கள். சாய்ந்த கூம்பு ஒரு பக்கம் கவ்விக்கொள்ளும். இடம், வலம் என்று மாற்றி மாற்றிச் சின்னச் சின்ன அசைவு. பைப் ரெஞ்ச் வேண்டாம். கம்பம் மெல்லிய அலுமினியக் குழாய்தான், ரெஞ்சின் வாய் கடித்தால் வட்டம் முட்டையாகும், முட்டையான குழாய் குழியை விட்டு வரவே வராது. வேறு வழியில்லாமல் போட்டால் தோல் பட்டையோ பழைய டயர் டியூபோ சுற்றி, மென்மையாக.

டபிள்யூடி-40 கெடுதல் இல்லை, ஆனால் இந்த வேலைக்கு மெலிவு. க்ரோய்ல், பிபி பிளாஸ்டர், லிக்விட் ரெஞ்ச் மாதிரி ஊடுருவும் எண்ணெய் வாங்குங்க. விளிம்பைச் சுற்றி விட்டு இரவு முழுக்க ஊற விடணும். ஊறும்போது அடித்தட்டின் கழுத்தை (குழியைச் சுற்றி நிற்கும் பகுதி) பக்கவாட்டில் மெதுவாகத் தட்டினால் எண்ணெய் இறங்கும். தட்டுவது கழுத்தை, கம்பத்தை இல்லை.

உப்புக்காற்று | ஏப்ரல் 21

டெக்சாஸ், கால்வெஸ்டன் விரிகுடா. எங்க பக்கம் ஐஸ் கிடையாது, உப்பு உண்டு. கம்பம் அலுமினியம், திருகு ஸ்டெயின்லெஸ், நடுவில் உப்புத் தண்ணி. பேட்டரி ரெடி, கரையுறது அலுமினியம். வெளியே வர்ற வெள்ளைப் பொடி அலுமினியம் ஹைட்ராக்சைடு. தின்ன உலோகத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் இடம் பிடிக்கும். அதனால்தான் நேற்று வரை லூசாக ஆடிய கம்பம் இன்று இறுகுது.

நல்ல தண்ணீர் ஏரிப் படகிலும் இதே வரும், தளத்து பிளைவுட் செம்பு கலந்த மருந்து ஏற்றிய மரமாக இருந்தால். ஈரமானதும் அந்தச் செம்பு அலுமினியத்தை அரிக்கும். பழைய தளத்தைப் பிரித்து வீட்டுக்கு வெளியே போடுகிற மரத்தளத்துக்கு விற்கிற மரத்தைப் போட்டவர்கள் கவனிக்கணும்.

அசிட்டோனும் ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸ் எண்ணெயும் (ஏடிஎஃப்) பாதிக்குப் பாதி கலந்து விடலாம் என்று யாராவது சொல்வாங்க. இரும்பு போல்ட்டுக்கு நல்லது. படகில் வேண்டாம்: அசிட்டோன் கார்ப்பெட் பசையைக் கரைக்கும், சில பிளாஸ்டிக்கை உருக்கும், ஆவி தளத்துக்கு அடியில் பெட்ரோல் டேங்க் பக்கம் இறங்கும்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 21

செம்பு மரம் நல்ல குறிப்பு. அதன் தொடர்ச்சி: செம்பு கலந்த ஆன்டி-சீஸையும் (இறுகாமல் தடுக்கும் பசை) அலுமினியத்தில் பூசாதீங்க, காரணம் அதேதான்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 22

சூடாக்கி எடுக்கலாமா என்று தனிச்செய்தியில் கேட்டிருந்தார்கள், எல்லோருக்கும் இங்கேயே.

அலுமினியம் ஒரு டிகிரி செல்சியசுக்கு, மீட்டருக்கு 0.023 மி.மீ. விரியும். 73 மி.மீ. கழுத்து 60 டிகிரி சூடேறினால் விட்டம் 0.1 மி.மீ. கூடும். கேட்கச் சின்னதுதான், கூம்பு விட்டுக்கொடுக்க அது போதும். ஆனால் கம்பமும் அலுமினியம்தான். இரண்டும் சேர்ந்து சூடேறினால் இரண்டும் சேர்ந்து விரியும், லாபம் பூஜ்யம். எனவே கம்பத்தின் குழாய்க்குள் ஐஸ் கட்டி நிரப்பிப் பத்து நிமிடம் விட்டு, பிறகு கழுத்தைச் சுற்றிப் பழைய துணி வைத்து அதன்மேல் கொதிநீர் ஊற்றுங்க. ஊற்றி முடித்த அரை நிமிடத்துக்குள் ரெஞ்சைத் தள்ளணும். தாமதித்தால் சூடு உள்ளே கடத்தப்பட்டுவிடும். தலை அடைத்த கம்பமென்றால் குளிர்ந்த ஈரத்துணி வெளியே சுற்றுவதுதான் வழி, பலன் பாதி.

டார்ச் தீ கூடவே கூடாது. கார்ப்பெட், மிதவை நுரை, எண்ணெய் ஆவி, பெட்ரோல் எல்லாம் ஓரடிக்குள் இருக்கு.

உப்புக்காற்று | ஏப்ரல் 22

வரிசையை மாற்றுங்க ஸ்பேனர். எண்ணெய் விட்ட பிறகு கொதிநீர் ஊற்றினால் எண்ணெய் கழுவிப் போகும். முதலில் வெந்நீர், திருப்பிப் பார்த்து வரவில்லையென்றால் துடைத்துவிட்டு வெதுவெதுப்பாக இருக்கும்போது எண்ணெய். ஆறும்போது இடுக்கில் இருக்கிற காற்று சுருங்கி எண்ணெயை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 22

சரி. அதுவே வரிசை.

குழிக்குள் கம்பம் | ஏப்ரல் 24

முன்கம்பம் ஒரு விரல் அகலம் திரும்பிச்சு! பிறகு நிண்டுட்டுது. விளிம்பால வெள்ளைப் பொடியும், நசுங்கின தகரத் துண்டு மாதிரி ஒண்டும் வெளியில வருது.

ரைஸ் லேக் | ஏப்ரல் 24

பியர் டின். முதல் ஓனர் ஆட்டத்தை நிப்பாட்ட டின்னை வெட்டி இடுக்கில வச்சிருக்கிறார். ஒவ்வொரு செக்கன்ட்-ஹாண்ட் படகிலயும் ஒரு பியர் டின் இருக்கும், சிலதில குடிக்காததும் இருக்கும்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 24

சிரிப்பு வந்தாலும், இறுகுவதற்கு இதுதான் அடிக்கடி காரணம். தகரத் துண்டு, கறுப்பு டேப், நைலான் துணி எதை வைத்தாலும் கொஞ்ச நாள் ஆட்டம் நிற்கும், பிறகு மடிந்து ஆப்பாக மாறும். ஆட்டம் வந்துவிட்டால் புஷ்ஷையோ அடித்தட்டையோ மாற்றுவதுதான் தீர்வு.

திரும்பியது நல்ல செய்தி. இனி முரட்டுத்தனம் வேண்டாம். வந்த தகரத்தைக் குறடால் பிடுங்க முடிந்த வரை பிடுங்குங்க. வெள்ளைப் பொடிக்குச் சாதாரண வெள்ளை வினிகர் விளிம்பில் ஊற்றி ஒரு மணி நேரம் விடலாம். ஹைட்ராக்சைடை மெதுவாக இளக்கும். பிறகு நல்ல தண்ணீரில் அலசணும், காய்ந்ததும் மறுபடி எண்ணெய். சாக்கடை அடைப்பு நீக்குகிற காஸ்டிக் மருந்து பக்கமே போகாதீங்க, அது அலுமினியத்தையே தின்று ஹைட்ரஜன் விடும்.

அதற்கும் அசையாவிட்டால் இந்த முறை. ஒரு 2×4 கட்டையில் கம்பத்தின் விட்டத்துக்குத் துளை போட்டு, துளையின் நடுவே நெடுக்காக இரண்டாக அறுங்க. அறுத்த தடிப்பு போனதால் இரு பாதிகளும் கம்பத்தைக் கவ்விப் பிடிக்கும். இரண்டு 3/8 அங்குல போல்ட்டால் இறுக்குங்க. இந்தக் கவ்விக்குக் கீழே, அடித்தட்டின் மேலேயே, இரு பக்கமும் எதிரெதிராக ஒரு ஜோடி கெட்டி மர ஆப்பு. இடது ஒரு தட்டு, வலது ஒரு தட்டு என்று மாற்றி அடித்தால் கம்பம் நேராக ஏறும்.

ஆப்பு உட்காருவது அடித்தட்டின் மேல் என்பதுதான் இதில் உயிர். ஏழு அங்குலச் சதுரத் தட்டில் கம்பத்தின் இரு பக்கமும் தலா இரண்டு அங்குலம் இடம் கிடைக்கும், அது போதும். அப்போது விசை தட்டுக்கும் கம்பத்துக்கும் நடுவிலேயே முடிந்துவிடும். தளத்துத் திருகுகளுக்கு இழுப்பே போகாது. கூரை பெல்ட்டுக்கும் இதற்கும் அதுதான் வித்தியாசம். ஜாக்கியைத் தளத்தில் வைத்துத் தூக்குவதும் கூரை பெல்ட்டின் தம்பிதான்.

குழிக்குள் கம்பம் | ஏப்ரல் 27

முன்கம்பம் வந்திட்டுது. ஆப்பு முறை. தட்டுக்கு ஒரு கீறலும் இல்லை. நடுக் கம்பம் திரும்புதே இல்லை, மில்லிமீற்றரும் இல்லை.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 27

நடுவில் இருப்பதைத் திருப்பாதீங்க. அடியில் பல் வைத்த வகையாக இருந்தால் திருப்பினால் பல் உடையும் அல்லது புஷ் கிழியும். பிளாஸ்டிக் புஷ்ஷில் பிரச்சினையே வேறு. உலோகம் உலோகத்தைக் கவ்வவில்லை, புஷ்ஷுக்கு வெளியே அடித்தட்டின் சுவரில் வெள்ளைப் பொடி வளர்ந்து புஷ்ஷை உள்நோக்கி நெருக்குது. நைலானாக இருந்தால் அதுவும் தண்ணீர் குடித்துக் கொஞ்சம் உப்பும். மணலும் மீன் செதிலும் மிச்ச வேலையைச் செய்யும்.

இதில் கொதிநீரும் கூடாது. காஸ் லிப்ட் என்பது ஒன்று, பிளாஸ்டிக் உலோகத்தைவிடப் பல மடங்கு விரியும் என்பது இன்னொன்று. சூடாக்கினால் புஷ் இன்னும் நெருக்கும். குளிர்தான் நண்பன். கழுத்தைச் சுற்றி ஐஸ் பை ஒரு மணி நேரம், சிலிக்கோன் ஸ்ப்ரே, பிறகு அதே கவ்வி-ஆப்பு. கவ்வியைக் கீழ்க்குழாயில் போடணும், ஏறி இறங்கும் மேல்தண்டில் போட்டால் தண்டு கீறி சீல் போயிடும்.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 27, பிறகு

அதற்கும் வரவில்லையென்றால் கம்பத்தோடு போராடுவதை விட்டு அடித்தட்டின் திருகுகளைக் கழற்றுங்க. கம்பமும் தட்டும் ஒன்றாக வரட்டும். பெஞ்சில் வைஸில் பிடித்துக்கொண்டால் பாதி சண்டை முடிந்தது. குழியின் அடி திறந்திருந்தால் கீழிருந்து கெட்டி மரக்கட்டை வைத்துக் குழாயின் விளிம்பில் தட்டி வெளியேற்றலாம். காஸ் லிப்டில் சிலிண்டரின் அடி நடுவில் இருக்கும், அதன்மேல் அடி விழக்கூடாது.

திருகு வரவில்லையென்றால் சுத்தியலால் அடிக்கிற இம்பாக்ட் டிரைவர். தலை தேய்வதற்கு முன்பே அதை எடுங்க, தேய்ந்த பிறகு இல்லை. தளத்துக்கு அடியில் நட் போட்டிருந்தால் பக்கத்து லாக்கர் வழியாகக் கை நுழைக்க வேண்டிவரும். ஸ்டெயின்லெஸ் போல்ட்டில் ஸ்டெயின்லெஸ் நைலாக் நட் (உள்ளே நைலான் வளையம் வைத்தது) என்றால் மெதுவாகத் திருப்புங்க, வேகமாகச் சுற்றினால் மரை ஒட்டிப் பிடித்துக்கொள்ளும்.

உப்புக்காற்று | ஏப்ரல் 28

கம்பம் போனாலும் பரவாயில்லை, தட்டைக் காப்பாற்றணும் என்கிறவர்களுக்கு (சாதாரணக் குழாய்க் கம்பம் மட்டும்): தளத்துக்கு ஒன்றரை அங்குலம் மேலே அறுங்க. ஹாக்ஸா பிளேடை உள்ளே விட்டு, குழாய்ச் சுவரில் ஓர் அங்குல இடைவெளியில் இரண்டு நெடுக்கு வெட்டு. சுவரின் தடிப்பில் முக்கால் பங்குக்கு மேல் போகணும், அடித்தட்டைத் தொடக்கூடாது. நடுவில் இருக்கிற பட்டையை உளியால் உள்நோக்கி மடக்கினால் மிச்சக் குழாய் சுருங்கிக் கையோடு வரும். அலுமினியத் தூள் பல்லை அடைக்கும், பிளேடில் மெழுகுவர்த்தி தேயுங்க.

ரைஸ் லேக் | ஏப்ரல் 30

இனி இறுகாமல் இருக்க கிரீஸ் பூசலாமோ? மரைன் கிரீஸ் ஒரு டப்பா கிடக்கு.

பழைய ஸ்பேனர் | ஏப்ரல் 30

எல்லாவற்றுக்கும் ஒரே பதில் இல்லை. கூம்புக்கு கிரீஸ் வேண்டாம். உராய்வில்தான் அது நிற்குது, வழுக்கினால் இன்னும் ஆழமாக இறங்கி உட்காரும், மணலையும் பிடித்து வைக்கும். சுத்தமாக, காய்ந்ததாக வையுங்க. அதிகபட்சம் மெழுகு தேய்த்துப் பளபளக்கும் வரை துடைத்துவிடலாம். பிளாஸ்டிக் புஷ்ஷுக்கு சிலிக்கோன் அல்லது காய்ந்து படியும் டெஃப்லான் ஸ்ப்ரே. மரைன் கிரீஸை மரை போட்ட கம்பத்துக்குப் பயன்படுத்துங்க. ஸ்டெயின்லெஸ் திருகு அலுமினியத்தில் இறங்கும் இடத்துக்கு டெஃப்-ஜெல் அல்லது டூரலாக் (இரண்டு உலோகத்துக்கு நடுவில் அரிப்பைத் தடுக்கும் பசை).

குழியைத் தேய்க்க நைலான் ஸ்காட்ச்-பிரைட். இரும்புக் கம்பளி போட்டால் இரும்புத் துகள் பதிந்து புதிதாக அரிப்பு ஆரம்பிக்கும்.

பழைய ஸ்பேனர் | மே 1

யோசித்துப் பார்த்தால், எந்தப் பூச்சை விடவும் முக்கியம் கம்பத்தைக் குழியில் விட்டுப் போகாமல் இருப்பது. கரைக்கு வந்ததும் கழற்றி லாக்கரில் போட்டு, குழிக்கு மூடி போடுங்க. ட்ரெய்லரில் போகும்போது சீட்டோடு கம்பம் நின்றால் நெடுஞ்சாலை அதிர்வு முழுக்க அந்தக் கழுத்தில்தான். குளிர்காலத்துக்கு மூடிகூட வேண்டாம், குழி காய்ந்து திறந்தே கிடக்கட்டும்.

முக்கால் அங்குல ஊசி பற்றிச் சொல்வதாக இருந்தேன். சீட் கம்பத்தலையில் சிக்கினால், கம்பத்தை வெளியே எடுத்த பிறகு தலைகீழாகப் பிடித்து, குழாய் வழியாக அரை அங்குல இரும்புக் கம்பியை விட்டு ஊசியின் அடியில் தட்டுங்க. இரண்டு தட்டில் விடும். உள்ளே குறுக்கே அடைப்பு இருக்கிற குழாயில் இது நடக்காது. காஸ் லிப்டில் செய்யவே கூடாது.

குழிக்குள் கம்பம் | மே 3

நடுவில இருந்ததைத் தட்டோட கழற்றி எடுத்தாச்சு, பெஞ்சில வந்திட்டுது. புஷ் வெடிச்சுப் போச்சு. புதுக் கம்பம், புதுத் தட்டு வாங்கப் போறன். ரெண்டையும் ஒரே சைஸாக்கலாமோ? கழற்றினதில ரெண்டு திருகு ஓட்டை பெருத்திட்டுது.

பழைய ஸ்பேனர் | மே 3

ஒரே சைஸ் நல்லது, ஆனால் கம்பமும் தட்டும் ஒரே தொடரில் ஜோடியாக வாங்குங்க. 2 3/8 கம்பத்தை 2 7/8 குழியில் வளையம் போட்டு நிறுத்துகிற ஜோலி வேண்டாம். தட்டின் திருகு ஓட்டைகள் பழையதோடு பொருந்துமா என்று வாங்கும் முன் பழையதை மேலே வைத்துப் பாருங்க.

லேபிளையும் படியுங்க. படகுத் தரம் வகுக்கும் அமெரிக்க அமைப்பான ஏபிஒய்சியின் எச்-31 தரப்படி டைப் ஏ என்றால் படகு ஓடும்போது உட்காரலாம், டைப் பி என்றால் மணிக்கு 5 மைலுக்குள் மட்டும். முன்தளத்து உயரக் கம்பம் பெரும்பாலும் நின்று மீன் பிடிக்கும்போது சாய்ந்துகொள்ளத்தான்.

பெருத்த ஓட்டைக்குத் தடித்த திருகு போடாதீங்க, மரம் நைந்திருக்கும். 1/2 அங்குல பிட்டால் ஓட்டையை நல்ல மரம் வரும் வரை பெரிதாக்கி, அடியில் டேப் ஒட்டுங்க. அடியில் டேங்கோ வயரோ இருக்கா என்று ட்ரில் போடும் முன் பார்த்துவிட்டு, பிட்டில் ஆழத்துக்கு அடையாளம் சுற்றிக்கொள்ளுங்க. முதலில் தண்ணியான எப்பாக்ஸி ஊற்றி மரத்தை நனைத்து, பிறகு சிலிக்கா பொடி கலந்து கெட்டியாக்கிய எப்பாக்ஸியால் நிரப்புங்க. உங்க பக்கம் மே மாதக் குளிருக்கு இரண்டு நாள் விடணும். 1/4 அங்குலத் திருகுக்கு 3/16 பைலட் ஓட்டை.

குழிக்குள் கம்பம் | மே 3

அடியில வயர் போகுது. நல்ல வேளை கேட்டன்.